அப்பாட்டைச் சொல்லு

எனக்கும் என் புருசன் ஜெறோமுக்கும் இரண்டு வருடமாக நேர்ப்பேச்சு இருக்கவில்லை. எங்கள் குருநகரில் இது ஒரு புதுமையே இல்லை. கோபித்துக்கொண்ட புருசனும் பெண்சாதியும் பிள்ளையை நடுவில் வைத்துத்தான் கதைப்பார்கள். "அப்பாட்டைச் சொல்லு, சோறு போட்டிருக்கெண்டு." "அம்மாட்டைச் சொல்லு, நான் கடலுக்குப் போறன் எண்டு." எங்கள் மகள் அனிற்றாவுக்கு மூளையில் அடிபட்டதிலிருந்து பேச்சில்லை, கழுத்தும் நிற்காது. ஆனாலும் நாங்கள் நிறுத்தவில்லை. அவ்வளவு வீம்பு.

கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை எடுக்கப்போன காலையில்தான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாள். சைக்கிளை ஓடியது ஜெறோம். பிள்ளைக்கு ஹெல்மெற் போடாத மனுசன் என்று ஊரே அவரைத் திட்டியது. அவர் போட்டுத்தான் ஏற்றினார். தலையில் வைத்த பூமுடி நசுங்கிவிடும் என்று, அவர் முன்னால் திரும்பியிருந்த நேரம் மெல்லக் கழற்றியவள் நான். "அப்பாட்டைச் சொல்லாதை" என்று காதுக்குள் சொன்னேன். பிறகு, பிள்ளைதான் கழற்றிப்போட்டாள் என்று மாதா சத்தியமாகச் சாதித்தேன். உண்மை தெரிந்தால் ஜெறோம் என்னைவிட்டுப் போய்விடுவார்.

போன மாசியில், அவர் கடலில் நின்ற நேரம், கஞ்சி தீத்திக்கொண்டு பழக்கதோசத்தில் சொன்னேன்: "அப்பாட்டைச் சொல்லு, வியாழக்கிழமை கிளினிக் எண்டு." பிறகு அதை நானே மறந்துபோனேன். வியாழன் காலை அவர் கடலுக்குப் போகாமல், சேட்டுப் போட்டு, ஓட்டோவும் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேறு ஒருத்தரும் அவருக்குச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்தேன். "அப்பாட்டைச் சொல்லு, கஞ்சிக்குப் புளி விட ஒரு தேசிக்காய் வேணுமாம்." அவர் வள்ளத்தால் இறங்கி வந்தபோது சேட்டுப் பொக்கற்றில் ஒரேயொரு தேசிக்காய் இருந்தது.

அதன்பிறகு நான் பெற்ற பிள்ளையோடு தனியே இருக்கப் பயந்தேன். இதெல்லாம் போய்ச் சேருகிறதென்றால், அன்றைக்குக் காதுக்குள் சொன்னதும் ஒருநாள் போகும்.

ஒரு சனிக்கிழமை பத்து மணியிருக்கும். முழுகவார்த்துத் தலை துவட்டும்போது அவள் உதடு அசைந்தது. விழுவதற்கு முன்னிருந்த அதே குரல்.

"அப்பா சொல்லச் சொன்னவர். நீங்கள் ஹெல்மெற்றைக் கழட்டினதைச் சைக்கிள் கண்ணாடியிலை கண்டவராம். நல்ல நாளிலை சண்டை வேண்டாமெண்டு பேசாமல் சைக்கிளை ஓடினவராம்."

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. தெரிந்துகொண்டா இவ்வளவு நாளும் எல்லாருடைய பேச்சையும் வாங்கினார்?

பதினொரு மணிக்கு ஜெறோம் வந்தார். வாசலில் நின்று என் முகத்தை நேரே பார்த்தார்.

"சொன்னவளே?"

"ஓம்."

அன்று பின்னேரம்வரை இருந்து கதைத்தோம், அழுதோம், ஆளையாள் ஏசினோம். பிறகு ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

அன்றோடு அனிற்றாவின் உதடு அசையவில்லை. நான் எத்தனை தரம் சொல்லி அனுப்பியும் தேசிக்காய் வரவில்லை. அந்தக் குரலை நான் ஒரேயொரு தரம் கேட்டேன். அவர் கடலில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார்.

நேற்று மத்தியானம் பிசைந்த சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு, பிள்ளையின் கட்டிலைப் பார்த்தபடி கேட்டார்.

"றொசாந்தி, நாங்கள் திரும்பக் கோவிப்பமே?"