அறிமுகப் பக்கம்

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. காலை நீட்டினால் சூடாகப் படும். சொன்னதைப் புரிந்துகொண்டு எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு ஒன்றை என் கணவர் அதில் இறக்கி வைத்திருந்தார். வாடிக்கையாளர் விவரம் எதையும் வெளியார் நடத்தும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய அண்ணனின் உத்தரவு. அண்ணன்தான் முதலாளி. மருந்து டப்பா, துணிப்பை, துண்டுப் பிரசுரம் எல்லாம் வடிவமைக்கும் நிறுவனம். தொடங்கிய நாளிலிருந்து வரைந்தவர் என் கணவர். கையெழுத்துப் போட்டவர் அண்ணன்.

வடிவமைப்பு முழுக்க இணையத்தில் ஒரு தளத்தில் நடக்கும். அந்தத் தளம் எங்கோ இருக்கிறது, பெட்டி எங்கள் காலடியில் இருக்கிறது. இரண்டையும் பேச வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இணைப்புச் சாவி சரியில்லை என்று தளம் திருப்பி அனுப்பும். சாவியை மாற்றினால் முகவரி சரியில்லை என்னும்.

"உங்க அப்பாகூட என்னை இத்தனை கேள்வி கேக்கலை" என்றார்.

ஒருவழியாகப் பேச வைத்துவிட்டார். வடிவத்தின் மேல் ஒரு குறிப்பு எழுதினால் போதும். பெட்டி அதைப் படித்து, வாசகத்தையோ படத்தையோ மாற்றிவிட்டு, என்ன செய்தேன் என்று கீழே எழுதும். ஆட்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதையும் அது கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று, கட்டளைக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும் என வைத்திருந்தார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "நான் சொன்னா நடக்கணும். அதுக்கு முன்னாடி பூ வேற வைக்கணுமா?" என்றாராம். இவர் அண்ணனுக்கு மட்டும் அந்தக் குறியை எடுத்துவிட்டார். அதன் பிறகு அண்ணன் எழுதுவதெல்லாம் கட்டளை.

அந்தச் சமயத்தில்தான் இவருக்கு ஈரல் கெட்டுப்போனது தெரிந்தது. படுக்கையிலிருந்தே வேலை பார்த்தார். நிறுவனத்துக்குப் புது அறிமுகப் பக்கம் ஒன்று அச்சடிக்க இருந்தார்கள். தன் படத்தின் கீழே 'இணை உரிமையாளர்' என்று போட்டுக்கொள்ள இவர் பல வருஷமாகக் கேட்டு வந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிவந்த அண்ணன் இந்தத் தடவை சரி என்றிருந்தார். ஊசி போட வந்த நர்ஸிடம்கூட இவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். நடுவில் அண்ணன், இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அண்ணனின் மைத்துனர். மைத்துனருக்கு அலுவலகத்தில் தலையாட்டி என்று பெயர். அவர் வேறு எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு பிற்பகல் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இவர் மடியில் கணினி. இவருடைய படத்தின் மேல் ஒரு குறிப்பு வந்து விழுந்தது. முதலாளி தன் மைத்துனருக்கு எழுதியது.

"மச்சான், இவன் தாங்கமாட்டான்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. அச்சடிச்சப்புறம் எடுக்கிறதுக்கு இப்பவே எடுத்துடலாம். அவன்கிட்ட சொல்ல வேண்டாம்."

டாக்டர் அப்படிச் சொன்னது எங்களுக்கே அப்போதுதான் தெரியும். படித்து முடிப்பதற்குள் படம் மறைந்தது. மற்ற இரண்டும் நகர்ந்து, பெரிதாகி, இடத்தை நிரப்பிக்கொண்டன. கீழே பெட்டியின் பதில் வந்தது: 'படம் நீக்கப்பட்டது. இடைவெளி சரிசெய்யப்பட்டது. கேட்டுக்கொண்டபடி அவரிடம் சொல்லவில்லை.'

இவர் இரண்டு படங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தார்.

"பிசகே இல்ல பாரு" என்றார். "நானே செஞ்சிருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்பேன்."

அடுத்த கரண்டி மருந்தை வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கச் சொல்ல வேண்டியிருந்தது. குறியைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அதெல்லாம் அண்ணனுக்குப் பிடிக்காது என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

உடல் கூடத்தில் கிடந்தபோது முதலாளி வந்து தலைமாட்டில் நின்று அழுதார். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதோரம் வந்தார்.

"ஏம்மா, நாற்காலி எடுக்கிறவங்க யாரும் அந்த ஒயரை இழுத்துடாமப் பாத்துக்க. நாளைக்கு ஒரு டப்பா அச்சுக்குப் போகணும்."

பார்த்துக்கொண்டேன்.

துக்கம் விசாரித்த வாடிக்கையாளர்கள், அச்சுக்கு முன் அனுப்பிய புதுப் பக்கத்தில் தம்பி படத்தைக் காணோமே என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி பக்கத்தைத் திறந்து எழுதினார்: தம்பி படத்தைத் திரும்பப் போடு, கறுப்புக் கரை கட்டு, கீழே 'மறைந்த இணை உரிமையாளர்' என்று போடு. இவருடைய கணினியை நான் மூடவே இல்லை, அதில் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்தலை அளவில் ஒரு மூலையில் இவர் முகம் வந்தது. 'படம் சேர்க்கப்பட்டது. இடம் போதாததால் வாசகம் விடப்பட்டது' என்றது பெட்டி.

மைத்துனர் படத்தைச் சற்றுச் சுருக்கினால் வாசகத்துக்கு இடம் கிடைக்கும் என்று, நட்சத்திரம் போடாமல், முதலாளிக்குக் குறிப்பு எழுதினேன். அது இவர் பெயரில்தான் போனது. செத்தவன் பெயரில் குறிப்பு வருகிறதே என்றுகூட முதலாளிக்குத் தோன்றவில்லை. உடனே பதில் எழுதினார்.

"மச்சான் கோவிச்சுக்குவாரு. படம் இருக்குல்ல, போதும்."

அதையும் பெட்டி ஏற்றுக்கொண்டது. 'சரி. வாசகம் தேவையில்லை.'

மேசைக்கடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கினேன். உள்ளே இருந்த விசிறி உடனே நிற்கவில்லை. இழுத்து இழுத்து ஓய்ந்தது. அந்த மாதிரிச் சத்தத்தை அண்மையில்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. அடக்கம் முடிந்தபின் முதலாளி என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, எதை எழுதினாலும் நடக்க மாட்டேங்குது. பாதி டப்பா அப்படியே நிக்குது."

"உங்க மச்சானைப் பண்ணச் சொல்லுங்க மாமா" என்றேன். "அவருக்குத்தான் இடம் நிறைய இருக்கே."