ஆறடி வழி கேட்ட தண்ணீர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம் முதல் திங்கட்கிழமை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் நடந்த குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தச்சநல்லூர்ப் பக்கத்து மழைத்தண்ணீர் மனு கொடுக்க வந்தது. அதற்கு நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன் கிடைத்தது. ஆள் நெஞ்சளவு உயரம், கலங்கல் நிறம். உள்ளே ஒரு வேப்பங்குச்சி, ஒரு பிஸ்கட் கவர், இரண்டு அயிரை மீன். தரையில் ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது. மண்ணெண்ணெய் கொண்டுவருகிறார்களா என்று வாசலில் சோதிக்கும் காவலர் நஃபீஸத் குனிந்து முகர்ந்து பார்த்தார், வாடை இல்லை, உள்ளே விட்டார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. தண்ணீர் வரக்கூடாது என்று எவனும் விதி எழுதி வைக்கவில்லை.

மனுவை எழுதியவர் வெளியே மர நிழலில் மேஜை போட்டிருக்கும் பிச்சைக்கண்ணு. தண்ணீர் வாய் திறந்து பேசியதா என்று பின்னால் எத்தனையோ பேர் அவரைக் குடைந்தார்கள். நாற்பது வருஷமாக மனு எழுதுகிறவனுக்கு வாயைத் திறந்து வேறு சொல்ல வேண்டுமா, வந்து நிற்கிற நிலையைப் பார்த்தால் போதாதா என்று எரிந்து விழுந்தார். பெயர், தண்ணீர். தகப்பனார் பெயர், மேகம். நிலையான முகவரி, இல்லை. ‘ஐயா, நான் கொக்கடிக்குளம் நிரம்பியதும் அதன் மறுகாலில் வழிந்து இறங்கி ஓடை வழியாகத் தாமிரபரணிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏழு வருஷமாக என் வழியைக் காணவில்லை. கண்டவர் அடுக்களையிலும் கட்டிலுக்கு அடியிலும் அலைகிறேன். வீடு புகுந்ததாகப் பேப்பரில் போட்டு என் பெயரைக் கெடுக்கிறார்கள். ஆறடி அகலத்தில் வழி விட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்விடுவேன்.’ படித்துக் காட்டியதும் அயிரை இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றின. பிச்சைக்கண்ணு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கைநாட்டு வைக்கும் இடத்தில் ஓர் ஈரத் தடத்தை வாங்கிக்கொண்டார்.

மனு ஒவ்வொரு மேஜையாக இறங்கி மூன்றாம் நாள் பெர்சிஸிடம் வந்து சேர்ந்தது. பெர்சிஸ் அந்தப் பகுதியின் மழைநீர் வடிகால்களுக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர், பாளையங்கோட்டைக்காரி. கெட்டிக்காரி என்று சும்மா சொல்லவில்லை. ஒரு தெருவில் நின்று டம்ளர் தண்ணீரைக் கீழே ஊற்றினால், கருவியும் முக்காலியுமாக வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து முடிப்பதற்குள் வாட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அந்த மாதம் அவள் புத்தி ஆபீஸில் இல்லை. தச்சநல்லூருக்கு வடக்கே யோர்தான் நகர் என்ற புது மனைப்பிரிவில், ஒன்பதாம் மனையில், அவளும் கணவன் ஜாஸ்பரும் கட்டிய வீடு முடிகிற தறுவாயில் இருந்தது. பதினோரு வருஷம் வாடகை வீட்டில் இருந்தவள். வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்கு மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார், ஊருக்கே தண்ணீர் பார்க்கிற பொறியாளர் ஏழேகாலுக்குக் குடத்தோடு அவர் வாசலில் நிற்பாள். கார்த்திகை முதல் சனிக்கிழமை புதுவீடு புகும் பிரதிஷ்டை. குருவானவர் தேதி கொடுத்துவிட்டார், முந்நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த அவசரத்தில் பெர்சிஸ் மனுவைச் சரியாகப் படிக்காமலே ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று வழக்கமான பதிலை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டாள்.

தபால்காரர் கெட்டிக்காரர். முகவரி இல்லாத கடிதத்தைத் தச்சநல்லூர் ரேஷன் கடை முன்னால் இருக்கும் பள்ளத்தில் போட்டார். அடுத்த திங்கட்கிழமை தண்ணீர் மறுபடி வந்தது. பதில் கடிதம் அதன் வயிற்றுக்குள் விரித்தபடி மிதந்தது, வரிசையில் பின்னால் நின்றவர்கள் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பது போல் அதை முழுக்கப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள். அதற்கும் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு பதில் போயிற்று. மூன்றாம் திங்கட்கிழமை தண்ணீர் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து ஓடைத் தண்ணீர் இரண்டு, செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறி வந்திருந்தன. டிக்கெட் எடுத்தனவா என்று யாரும் கேட்கவில்லை. மூன்றும் ஒன்றாக நின்றதில் மண்டபத்து மின்விசிறிகள் எல்லாம் குளிர்காற்று வீச, மனு கொடுத்து முடித்தவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். மனுதாரர் முன்னிலையில் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று அன்றைக்கே உத்தரவு வந்தது.

புரட்டாசி மூன்றாம் தேதி நேராய்வு. ஜீப்பில் பெர்சிஸ், ஓட்டுநர் தாஜ் முகம்மது, பழைய கிராம வரைபடத்தைச் சுருட்டி வைத்திருந்த சர்வேயர் கோமதிசங்கர். மனுதாரரை ஏற்றினால் சீட் நனைந்துவிடும் என்று தாஜ் முகம்மது கறாராகச் சொல்லிவிட்டதால் தண்ணீர் முன்னால் நடந்தது, ஜீப் பின்னால் போயிற்று. வண்ணாரப்பேட்டை சிக்னலில் சிவப்பு விழுந்ததும் தண்ணீர் நின்றது. அந்த சிக்னலில் அப்படி ஒருவர் நின்று அங்கிருந்த போக்குவரத்துக் காவலர் பார்த்ததில்லையாம், பச்சை விழுந்ததும் சல்யூட் அடித்து அனுப்பினார். தச்சநல்லூர் தாண்டி வடக்கே திரும்பியது. பெர்சிஸுக்கு அதுவரை ஒன்றும் தோன்றவில்லை. யோர்தான் நகர் முகப்பு வளைவுக்குள் தண்ணீர் நுழைந்தபோதுதான் சீட்டின் நுனிக்கு வந்தாள். முதல் தெருவைத் தாண்டியது. இரண்டாம் தெருவில் திரும்பியது. ஒன்பதாம் மனையில், பச்சைப் பெயிண்ட் இன்னும் காயாத கேட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

தாஜ் முகம்மதுதான் அந்த வீட்டுக்கு டைல்ஸ் ஏற்றி வந்தவர். பைய குனிந்து, “மேடம், இது நம்ம வீடுல்லா?” என்றார்.

பெர்சிஸ் ஜீப்பை விட்டு இறங்கினாள். “படத்த மடிச்சிராதிய. இன்னொரு தரம் பாத்துச் சொல்லுங்க” என்றாள் சர்வேயரிடம்.

“மூணு தரம் பாத்துட்டேன் மேடம். ஓடை வாசல்ல நுழையுது, ஹால்ல போகுது, அடுக்களை வழியா வெளிய வருது. ஒரு சாண் விலகல” என்றார் கோமதிசங்கர். கொஞ்சம் தயங்கிவிட்டு, “படத்துல வீடு இல்ல, வெறும் ஓடைதான் இருக்கு” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஓடையைத் தூர்த்து மனை போட்ட யோர்தான் நகருக்கு ‘நீர்வழி ஏதும் குறுக்கிடவில்லை’ என்று ஏழு வருஷத்துக்கு முன் தடையின்மைச் சான்று கொடுத்தது யார் என்று ஃபைலைப் புரட்டினால், அடியில் இருந்ததும் பெர்சிஸின் கையெழுத்துதான். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, நிதியாண்டு முடிகிற சாயங்காலம், முப்பத்திரண்டு ஃபைல்கள் மேஜையில் மலையாகக் கிடந்தபோது போட்ட கையெழுத்து. இடத்தை அவள் போய்ப் பார்த்ததும் சித்திரை வெயிலில், அதுவும் பின்னால் மனை வாங்கப் போனபோது. சித்திரையில் எந்த நிலத்தைப் பார்த்தாலும் உத்தமமாகத்தான் இருக்கும். ஊர் வாட்டமெல்லாம் பார்க்கத் தெரிந்தவள், தன் மனையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை.

ஜாஸ்பர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யோசித்தான். “நீ எழுதுனாத்தான் அது ஓடை. எழுதலேன்னா வெறும் ஈரம். பழைய படம் தப்புன்னு ஒரு வரி எழுது, முடிஞ்சு போச்சு” என்றான். அவன் அம்மா ஜெபராணி, பிரதிஷ்டைக்குச் சொன்ன முந்நூறு பேரையும் வரிசையாகப் பெயர் சொல்லி அழுதாள். பெர்சிஸும் அழுதாள். அவளுக்கு அந்த வீடு வேண்டும். கிழக்குப் பார்த்த அடுக்களை வேண்டும், தன் வீட்டு மோட்டாரின் சுவிட்சு தன் கையில் வேண்டும். அந்த ஒரு வரியை எழுத அவள் இரண்டு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினாள்.

மூன்றாம் நாள் மழை பெய்தது. பெர்சிஸ் குடையோடு யோர்தான் நகருக்குப் போய்ப் பார்த்தாள். மற்ற வீடுகளுக்குள் எல்லாம் ஊர்ப்பட்ட தண்ணீர் கேட்காமல் கொள்ளாமல் புகுந்து, சோபாவை நகர்த்தி, ஃப்ரிட்ஜைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் மனையில் மட்டும் மனுதாரர் கேட்டுக்கு வெளியே ஓரமாக நின்றார். கேட்டுக்கு அடியில் அரையடிச் சந்து இருக்கிறது, நினைத்தால் போயிருக்கலாம். போகவில்லை. அயிரை இரண்டும் கேட்டு இடுக்கு வழியே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஜாஸ்பரிடம் சொன்னாள். “உள்ள புகுந்திருந்தா மோட்டாரப் போட்டு எறச்சுத் தள்ளியிருப்பேன், எனக்கு மனசு கேட்டிருக்கும். இது கேட்டுட்டு நிக்குது, பாத்தியளா. கேட்டுட்டு நிக்கிறவங்கள நான் எப்படி இல்லன்னு எழுத?”

அவள் உள்ளதை எழுதினாள். நீர்வழியை மறித்த கட்டடம் ஒன்று, உரிமையாளர் பெயர் பெர்சிஸ். சான்று கொடுத்த தவறும் தன்னுடையது என்று எழுதினாள். அதற்காக அவளுடைய ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. நின்றது நின்றதுதான், அதைப் பற்றி யாரும் மாயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆக்கிரமிப்பாளருக்கு அந்தப் பகுதிப் பொறியாளர்தான் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்பது விதி. பெர்சிஸ் பெர்சிஸுக்கு நோட்டீஸ் எழுதி, நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டாள். பதினைந்து நாள் கழித்து நேர்முக விசாரணை. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, ஏன் அகற்றக்கூடாது என்று கேட்டாள். மேஜையைச் சுற்றி வந்து எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆசையாகக் கட்டியது மேடம் என்றாள். திரும்பப் போய், ஆசை இருந்தால் ஓடையிலா கட்டுவது என்று அதட்டினாள். இப்படிப் பதினாறு தடவை. அலுவலக உதவியாளர் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்தார், இரண்டையும் அவளே குடித்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு ஆக்கிரமிப்பாளர் இறங்கி வந்ததாகவும், மனுதாரர் கேட்பது ஆறடி, ஹாலின் அகலமோ பதினான்கு அடி என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டதாகவும் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது.

வாசலிலிருந்து அடுக்களைப் பின்கதவு வரை புது டைல்ஸைப் பெயர்த்து, ஆறடி அகலத்தில் சிமெண்ட் வாய்க்கால் போட்டார்கள். வாசல், பின்கதவு இரண்டையும் அகலப்படுத்தி, படியையும் இடித்தெடுத்தார்கள். முந்நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம், பெர்சிஸின் கணக்கு. டைல்ஸ் உடைந்த அன்று ஜாஸ்பர் பேசுவதை நிறுத்தினான். நான்கு நாள் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் நூலும் ரசமட்டமும் எடுத்து வந்து, குப்புறப் படுத்து, வாட்டத்தை அளந்து, அடுக்களை மூலையில் அரை இஞ்ச் பிசகு என்று கண்டுபிடித்தான். “இதுக்குத்தான் கணக்குத் தெரிஞ்சவன கூப்பிடணுங்கது” என்றான். அதிலிருந்து சரியாகிவிட்டான்.

கார்த்திகை முதல் சனிக்கிழமை விடியும்போதே மழை. சாமியானாவுக்குக் கீழே முந்நூறு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, குருவானவர் நீளமாக ஜெபித்து, ரிப்பனை வெட்டிச் சாவியைப் பெர்சிஸ் கையில் கொடுத்தார். கதவைத் திறந்ததும் முதலில் வீட்டுக்காரர்கள் உள்ளே போவது முறை. ஜெபராணி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்து வலது காலை எடுத்தும் வைத்தாள். பெர்சிஸ் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், பந்தக்காலை ஒட்டி, தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. குளம் மறுகால் விழுந்து தெருமுனை வரைக்கும் தண்ணீர், ஆனாலும் கூட்டத்தை இடிக்காமல் தன் முறைக்காக நின்றது.

பெர்சிஸ் மாமியாரின் கையைப் பிடித்து ஒதுக்கினாள். கூட்டமும் ஒதுங்கியது. “வாங்க. மொதல்ல நீங்க போங்க” என்றாள்.

தண்ணீர் வந்தது. வாசலைத் தாண்டி உள்ளே இறங்கியது. ஹாலில் நடுவே நேராகப் போயிற்று, இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு துளி படவில்லை. அடுக்களை மூலையில், அரை இஞ்ச் திருத்திய இடத்தில் ஒரு கணம் சுழித்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே விழுந்தது. அதற்குப் பின்னால் ஏழு வருஷத்துத் தண்ணீரும் வரிசையாக வந்தது, தாமிரபரணியைப் பார்த்துப் போயிற்று. யோர்தான் நகரில் அன்றைக்கு வேறு எந்த வீட்டிலும் கால் நனையவில்லை. ஜெபராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போகட்டும், அதுவும் நடக்கணும்லா” என்றாள்.

மத்தியானம் ஹாலில்தான் பந்தி. பெண் வீட்டார் இந்தக் கரையிலும் மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கரையிலுமாகப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். குருவானவர் இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரி உரக்க ஸ்தோத்திரம் பண்ணினார். இலையில் சோறு விழுந்தபிறகுதான் அந்தக் கரைக்கு ரசம் போகவில்லை என்று தெரிந்தது. ஜாஸ்பர் எதிரிலிருந்து கையை நீட்டினான். பெர்சிஸ் ரசக் கிண்ணத்தைத் தண்ணீர்மேல் வைத்தாள். அது அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு சொட்டும் சிந்தவில்லை.