மக்கன் வைத்த நோன்பு

அந்த வருஷ ரம்ஜானில் ஆம்பூரில் ஒரு முயல் நோன்பு வைத்தது. தெரு முழுக்க அதே பேச்சு. தெருவுக்கு என்ன, யாராவது ஒருத்தி ஆரம்பித்து வைத்தால் போதும், மிச்சத்தை அதுவே கட்டிக்கொள்ளும்.

முயலின் பெயர் மக்கன். வெண்ணெய் நிறம், அதனால் மக்கன். பட்டணத்துக்குப் போய்ப் பெரியமேட்டில் தோல் கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பிய ஹபீப், வழியில் மூர் மார்க்கெட்டில் அதை வாங்கி, கூடையோடு ரயிலேற்றிக் கொண்டுவந்து புது மனைவி சகீனாவின் மடியில் வைத்தான். அவன் காலையில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவான். குடியாத்தத்திலிருந்து வந்த பெண் அதுவரை யாரோடு பேசுவாள்?

மாமியார் முனவ்வர் பேகம் கெட்டவள் இல்லை. ஆனால் மருமகளிடம் அவள் பேச்செல்லாம் அடுப்பைப் பார், கதவைச் சாத்து என்பதோடு சரி. கொஞ்சல் மொத்தமும் முயலுக்குப் போனது. மாமியார் அதை “மேரி ஜான்”, என் உயிரே, என்று தூக்கி முத்தமிடும்போதெல்லாம் சகீனாவுக்கு வயிறு எரியும். போயும் போயும் முயல் மேலா பொறாமை என்று வெட்கமும் வரும். பிறகு அதே முயலை மடியில் போட்டுக்கொண்டு, குடியாத்தத்துக் கதையெல்லாம் அதனிடமே சொல்லுவாள். அது காதை ஆட்டிக்கொண்டு கேட்கும். அந்த வீட்டில் அவள் பேச்சை முழுசாகக் கேட்ட ஜீவன் அது ஒன்றுதான்.

நோன்பு திறக்கும்போது இன்னொரு உயிருக்கு ஒரு வாய் கொடுத்த பிறகே தன் வாயில் போடுவது முனவ்வர் பேகத்தின் பழக்கம். போன வருஷம் வரை பூனைக்குப் போனது இந்த வருஷம் மக்கனுக்கு வந்தது. மாமியார் பேரீச்சம்பழம் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கஞ்சி, சுண்டல், பக்கத்து வீட்டு மஹ்பூபி கொண்டுவந்த சமோசாவின் ஓரம் என்று ஆளாளுக்கு வைத்தார்கள். மக்கனும் வஞ்சனையில்லாமல் தின்றது. புல்லுக்காரி பூவம்மாள் தினமும் போட்டுவிட்டுப் போன அருகம்புல்லை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் எதையுமே தொடவில்லை.

பகலெல்லாம் தண்ணீரைக்கூட முகரவில்லை என்று முதலில் கவனித்தவள் மஹ்பூபி. நோன்பு வீட்டு முயல் நோன்பு வைத்துவிட்டது என்று அவள்தான் கன்னத்தில் கை வைத்தாள். சாயந்திரமும் அது பழத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டதே என்று யாரோ கேட்டதற்கு, அது விடியலுக்கு முன்னாலேயே சஹருக்குத் தின்றிருக்கும், நாம்தான் தூக்கக் கலக்கத்தில் பார்க்கவில்லை என்று முனவ்வர் பேகம் தீர்ப்புச் சொன்னாள். மறுநாளிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். கூண்டுக்கு முன் பழமும் மிட்டாயும் குவிந்தன. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

கூண்டைக் கூட்டுகிறவளுக்குத்தானே உண்மை தெரியும்! கூண்டில் ஒரு புழுக்கை இல்லை. மக்கன் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. வயிற்றைத் தொட்டால் விறைத்துக் கிடந்தது. நோன்பாவது ஒன்றாவது, இது சாகப் போகிறது என்று சகீனாவுக்குத் தெரிந்துவிட்டது. ஹபீபிடம் சொன்னாள். அம்மாவிடம் மெதுவாக எடுத்துச் சொல் என்று அவளிடமே தள்ளிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஆம்பிளைகளே அப்படித்தான். மாமியார் எதிரில் போய் நின்றால் அவளுக்கு நாக்கு எழவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் துணிந்துவிட்டாள். தின்பண்டங்களையெல்லாம் வாரி அப்புறப்படுத்தினாள். பூவம்மாள் போட்டிருந்த புல்லை அம்மியில் அரைத்து, தண்ணீர் விட்டு, துணியில் வடிகட்டினாள். ஊற்றுவதற்கு எதுவும் கிடைக்காமல், மாமியாரின் அலமாரியிலிருந்த, குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையை எடுத்துக்கொண்டாள். கொல்லையில் மக்கனை மடியில் வைத்து, வாயோரத்தில் ஒரு சொட்டு விட்டபோது, பின்னால் வளையல் சத்தம் கேட்டது. முனவ்வர் பேகம் நின்றாள். அவளுக்குப் பின்னால் மஹ்பூபியும், முயலைப் பார்க்க வந்த பெண்கள் கூட்டமும்.

“அது ஹபீபோட பாலாடை” என்றாள் மாமியார்.

சகீனா பாலாடையைக் கீழே வைக்கவில்லை. “இது நோன்பு இல்ல அம்மீ. இதுக்கு ஒடம்பு முடியல. இப்படியே வுட்டா செத்துடும்.”

ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மாமியாரின் முகம் ஒரு நிமிஷம் கறுத்தது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, முயலின் வயிற்றில் கை வைத்தாள். ஆறு பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்த கை அது. வைத்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வயிறு கல்லாட்டம் கெடக்குதே” என்றாள். பிறகு திரும்பி மஹ்பூபியை ஒரு முறை முறைத்தாள். “ஒடம்பு முடியாதவங்களுக்கு நோன்பு கெடையாது. அதுகூடவா தெரியாது உங்களுக்கு? நின்னு வேடிக்க பாத்துனு இருக்கீங்களே, போய் வெந்நீர் கொண்டாங்க.”

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வயிற்றடியில் வைத்து, முனவ்வர் பேகம் இரண்டு விரலால் மெல்ல மெல்ல நீவினாள். சகீனா சொட்டுச் சொட்டாகப் புல்சாறு விட்டாள். பாதி துப்பியது, பாதி உள்ளே போனது. நடுநடுவே கொல்லையில் இறக்கிவிட்டு நாலு எட்டு நடக்க வைத்தார்கள். பொழுது சாயும்வரை இதே வேலை. மாமியார் உதடு துஆவை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில் கூண்டைக் கூட்டப் போன சகீனா கத்திய கத்தலில் முனவ்வர் பேகம் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். மூலையில் மிளகு மாதிரி நாலைந்து புழுக்கை. அதில் ஒன்றை அந்த அம்மாள் கையிலேயே எடுத்துப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உச்சிப்பொழுதில் மக்கன் ஒரு அருகம்புல்லின் நுனியை இழுத்தது, மென்றது, இன்னொன்றை இழுத்தது. பட்டப்பகலில் அது தின்பதைப் பார்த்த மஹ்பூபி, நோன்பு முறிந்துவிட்டதே என்று இழுத்தாள்.

“வுட்ட நோன்ப பெருநாள் கழிச்சி வச்சிக்கும். உனக்கு இன்னா?” என்று முனவ்வர் பேகம் அவள் வாயை அடைத்தாள்.

அன்று மாலை பாங்கு சொன்னதும், மாமியாரின் கை பழக்க தோஷத்தில் பழத்தை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. உள்ளே மக்கன் தன்பாட்டுக்குப் புல்லைக் கறுக்கு முறுக்கென்று மென்றுகொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை அப்படியே திருப்பி, கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற மருமகளின் வாயருகே கொண்டுபோனாள்.

“வாயத் தொற, மேரி ஜான்” என்றாள்.

சகீனா வாயைத் திறந்தாள். பழம் உள்ளே இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் முனவ்வர் பேகம் தனக்கு ஒரு பழம் எடுத்தாள்.