எதிர்த்துப் பேச இருவர்

தருமபுரியில் சீட்டுக் குலுக்கிவிட்டுத் திரும்பிய சென்னப்பன் ஐயா, செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைக்கூடத் தட்டாமல் நேராக ரசாயனக் கூடத்துக்குள் வந்து கதவைச் சாத்தினார். வஹிதாவும் தர்மனும் அங்கே காத்திருந்தார்கள். மாவட்டச் சொற்போருக்குக் கம்பைநல்லூர் பள்ளியின் அணி என்றால் அந்த இரண்டு பேர்தான். ஐயா தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகுதான் பேசினார்.

“நமக்கு எதிர்த்துப் பேசற பக்கம் வந்திருக்குது.”

தர்மனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடத்தூரில் நடந்த முதல் சுற்றிலும் அரூரில் நடந்த தாலுகா சுற்றிலும் அவர்கள் ஜெயித்ததே எதிர்த்துப் பேசித்தான். தர்மன் முதலில் போய், ஏரோட்டுகிறவன் மாதிரி நிதானமாக மண்ணைக் கிளறிவிட்டு வருவான். கடைசியில் வஹிதா எழுந்து, எதிரணி சொன்னதையே எடுத்து அவர்கள் பக்கம் திருப்புவாள். அரூரில் அவள் பேசி முடித்தபோது, தோற்ற பள்ளியின் பிள்ளைகளே கை தட்டினார்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஐயா எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கித் தந்து, வழி நெடுக வெண்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

“தலைப்பு என்னங்க ஐயா?” என்றாள் வஹிதா.

சாத்திய கதவை ஐயா இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்.

“குறைவாகப் பேசி நிறைய உழைப்பதே நாட்டுக்கு நன்மை.”

தர்மனின் சிரிப்பு நின்றது. அந்த வாசகம் பஸ்ஸின் முதுகில் இருந்தது. தபாலாபீஸ் சுவரில் இருந்தது. அவர்கள் பள்ளியின் சுற்றுச்சுவரிலேயே நீல எழுத்தில், ஆள் உயரத்துக்கு இருந்தது. 1976ஆம் வருஷம் அது. நெருக்கடி நிலை வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. சொற்போர் என்றால் யாராவது எதிர்த்தும் பேச வேண்டியிருக்கும் என்பதைத் தலைப்பு வைத்தவர்கள் யோசிக்கவில்லை போலும். யோசித்தே வைத்திருப்பார்களோ என்றும் வஹிதாவுக்குத் தோன்றியது.

பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுத்த காளியப்பன் சாரைப் பாதிப் பாடத்தில் கூப்பிட்டுக்கொண்டு போய் மாதக்கணக்காகிவிட்டது. வாசலில் ஜீப் நின்றது. சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, “படிச்சிட்டு இருங்க, வர்றன்” என்று சொல்லிவிட்டுப் போனார். டீக்கடையில் ஏதோ சொல்லிவிட்டார் என்றார்கள். பழைய கட்சித் தொடர்பு என்றார்கள். சில நாளில் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர் அறையில் அவருடைய நாற்காலி ஜன்னலோரம் அப்படியே கிடந்தது. இடம் போதாமல் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் உட்காருவார்களே தவிர, யாரும் அதை இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் சென்னப்பன் ஐயாவும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தவர்கள்.

அடுத்த நாள் ஐயா பேச்சை எழுதிக் கொண்டுவந்தார். பேச்சும் செயலும் இரு கண்கள். நல்லதைப் பேசலாம், பெரியோரைப் போற்றிப் பேசலாம், உழைத்துக்கொண்டே பேசலாம் என்று அது போயிற்று. எதிர்க்கிற மாதிரி தொடங்கி, ஆமாம் போட்டு முடிந்தது. வஹிதா இரண்டு தரம் படித்தாள்.

“இதுல எதிர்ப்பு எங்கீங்க இருக்குது?”

“வேண்டாம் கண்ணு. தோத்துட்டு வந்தாப் போதும். ஒரு எழுத்துக்கூட மாத்திப் பேசக் கூடாது.” அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. வாத்தியார் ஒருவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை. அந்தப் பயம் சளி மாதிரி அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அத்தாவிடம் சொன்னாள். அவள் அப்பா அப்துல் சுபான் சந்தை சந்தையாக அலுமினியப் பாத்திரம் விற்கிறவர். அன்றைக்குக் கடத்தூர் சந்தையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். தலைப்பைக் கேட்டதும் செம்பைக் கீழே வைத்தார்.

“வயித்து வலின்னு சொல்லிரு.”

“வேற ஆளு இல்லீங்கத்தா. வரலைன்னா ஏன் வரலைன்னு ஐயாவைக் கேப்பாங்க.”

போனாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து என்று அத்தாவுக்குப் புரிய வெகு நேரம் பிடிக்கவில்லை. “சந்தையில இப்ப வெலையைக்கூட மெதுவாத்தாம்மா சொல்றாங்க” என்றார். சற்றுப் பொறுத்து, “நானும் தருமபுரி வர்றன். பாத்திரம் எடுக்க வேண்டியிருக்குது. பஸ் ஸ்டாண்டுல இருப்பன். உள்ளே வரமாட்டன்” என்றார். அம்மா அக்தர் பேகம் மகளின் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்று வஹிதா சொன்ன பிறகும் போட்டாள்.

போட்டி நடந்த பள்ளியின் கூடம் பெரியது. வேப்ப மரத்திலும் கேட்டின்மேலும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் அதிகாரிகளுக்கு மெத்தை நாற்காலி. அவர்களுக்கு நடுவில் காக்கி உடையில் ஒருவர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டுச் சுவரோரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பேனாவோடு நின்றார். அவர் நடுவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. யார் பேசினாலும் எழுதினார்.

ஆதரித்துப் பேசிய தருமபுரிப் பையன் கணீரென்று பேசினான். பேசிப் பேசியே நாடு கெட்டது என்றான். இன்று ரயில் நேரத்துக்கு வருகிறது என்றான். மணி அடித்த பிறகும் பேசித்தான் முடித்தான். முன்வரிசை கை தட்டியது. தர்மன் எழுந்து போனான். “அவையோரே” என்றான். அதற்கு மேல் வரவில்லை. அவன் கண் வெள்ளைச் சட்டைக்காரரின் பேனாவில் நின்றுவிட்டது. அந்தப் பேனா அவனுக்காகக் காகிதத்தின்மேல் காத்திருந்தது. யாரோ சிரித்தார்கள். தர்மன் மைக்கைப் பிடித்தபடி நின்று நின்று பார்த்துவிட்டு, மணி அடிப்பதற்கு முன்னாலேயே இறங்கி வந்தான்.  வஹிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னால ஆவல” என்றான்.

வஹிதா மேடையேறினாள். ஐயா எழுதியது அவளுக்கு நெட்டுரு. இரு கண்கள் என்று தொடங்கினாள். கூடத்தில் கொட்டாவி கேட்டது. தருமபுரிப் பையன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தர்மனைப் பார்த்துச் சிரித்ததை அவள் கண்டாள். அதற்குப் பிறகு வந்த வரி அவளுக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“குறைவாகப் பேசுவதே நன்மை என்று சொல்ல எதிரணி நண்பர் மணி அடித்த பிறகும் பேசினார். பேச வராமல் இறங்கிய என் தோழன்தான் அவர் கட்சியின்படி நாட்டுக்கு நல்லது செய்தவன்.”

கூடமே சிரித்தது. காக்கிக்காரரும் சிரித்தார். பக்கத்து அதிகாரி சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வரிசை வரிசையாகச் சிரிப்பு அடங்கிப் பின்னால் போவதை மேடையிலிருந்து பார்க்க முடிந்தது.  இறங்கிவிடலாம் என்று நினைத்தாள். கால் வரவில்லை. சும்மா நிற்கவும் முடியாததால் பேசினாள்.

“எங்கள் பள்ளியில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தவர் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. உழைத்தால் அது தெரிந்துவிடுமா? வகுப்பைக் கூட்டலாம், கரும்பலகையைத் துடைக்கலாம். தெரியாது. யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். அந்த ஒரு கேள்விக்காவது பேச்சு வேண்டும்.”

மணி அடித்தது. நேரம் இன்னும் இருந்தது. ஆனாலும் அடித்தது. யாரும் கை தட்டவில்லை. பேனா ஓடும் சத்தம் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. படியில் இறங்கும்போது தாவணி முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். சுற்றிய இடத்தில் விரல் வெளுத்துப்போயிருந்தது.

அடுத்த அணியைக் கூப்பிட்டதும் ஐயா இருவரையும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். வராந்தாவின் கடைசியில் வெள்ளைச் சட்டைக்காரர் அவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். வெற்றிலை போட்டிருந்தார்.

“பாப்பா நல்லாப் பேசுச்சு. அப்பா பேரு என்ன? எந்தத் தெரு?”

 ஐயா அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் எழுதிக் குடுத்தது. கிளி மாதிரி ஒப்பிச்சுது.”

“எல்லாமேவா?”

“ஒரு எழுத்து விடாமங்க.”

“நாற்காலியுமா?”

“அதும் நாந்தாங்க.”

அவர் ஐயாவின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டார். “இருங்க, போயிராதீங்க” என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் போனார். ஐயாவின் முதுகில் ஜிப்பா நனைந்து ஒட்டியிருப்பதை அப்போதுதான் வஹிதா பார்த்தாள்.

“ஐயா, நீங்க எழுதினது அது இல்லீங்களே…”

“நட.”

கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ரோட்டில் மூவரும் வேகமாக நடந்தார்கள். ஓடினால் பார்ப்பார்கள் என்று ஓடவில்லை. பாதி தூரத்தில், பின்னாலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது.

“கம்பைநல்லூர் பள்ளி மாணவி வஹிதா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். மாணவி வஹிதா.”

கடைத்தெருவே அவள் பெயரைக் கேட்டது. சோடாக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“பரிசுக்கா இருக்குமுங்க ஐயா” என்றான் தர்மன். 

“இருக்கும்” என்றார் ஐயா. “இல்லாமயும் இருக்கும்.”

பஸ் ஸ்டாண்டில் அத்தா கோணி மூட்டைமேல் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருந்தது. மகளின் கையைப் பிடித்தார். கம்பைநல்லூர் பஸ் உறுமிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தது. ஐயா ஏறவில்லை.

“நீங்களும் வாங்க சார்” என்றார் அத்தா.

“யாரும் போவலைன்னா ஊருக்கே தேடி வருவாங்க பாய். நான் ஒரு எட்டுப் போய் என்னன்னு கேட்டுட்டு வந்துடறன். பசங்களைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க.” பிறகு வஹிதாவைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள். “அந்தப் பையனுக்குக் குடுத்த முதல் அடி நல்ல அடி கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

பஸ் திரும்பும்போது அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தாள். ரோட்டின் நடுவில், சோடாக்கடையைத் தாண்டி, ஐயா பள்ளியைப் பார்த்துத் தனியாக நடந்துகொண்டிருந்தார். நடந்தபடியே ஜிப்பாவின் மேல் பொத்தானைப் போட்டார். இன்னமும் அவள் பெயர் காற்றில் வந்துகொண்டிருந்தது. அவர் கேட்டை நெருங்கியபோது மறுபடி ஒரு தரம் ஒலிபெருக்கி “மாணவி” என்றது, அதோடு நின்றுவிட்டது.