பம்புசெட் தொட்டியில் நார்வே கடல்

எங்கள் தெரு ஜெபகுமாருக்குச் சித்திரை மாதத்திலும் வெந்நீர் இல்லாமல் குளியல் ஆகாது. அப்படிப்பட்டவரைக் கம்பெனி ஆறு மாத வேலைக்கு நார்வே அனுப்புகிறது. அங்கே பனிக்கடலில் ஸ்கூபா டைவிங் போகப் போகிறாராம். புதுச்சேரியில் ஏற்கெனவே முழுகிப் பழகிவிட்டாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மாடியில் துணி எடுக்கப் போனபோது தானாகக் காதில் விழுந்தது.

மனைவி சுகாசினி ஒரே போடாகப் போட்டாள். "முதல்ல இங்க ஐஸ் தண்ணில முழுகிக் காட்டுங்க. அப்புறம் கடலப் பத்திப் பேசுங்க."

பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் நண்பர் பிரேம்நாத்தின் பம்புசெட் தொட்டி முடிவானது. மார்பளவு ஆழம்தான். அதற்கு ஜெபகுமார் போட்ட திட்டம் இருக்கிறதே, கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படிப் போட்டதில்லை. தனியாக இறங்கக் கூடாது, பிரேம்நாத் ஜோடி. விரல் மரத்துப்போனால் இருவரும் உடனே மேலே. இறங்குமுன் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டைவ் ரத்து, ஏன் என்று கேட்கக் கூடாது.

சனிக்கிழமை காலை தெருப் பெண்கள் நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். தொட்டியில் மீன் மார்க்கெட் ஐஸ் பார்கள் மிதந்தன. இத்தனை பெண்கள் முன்னால் உடை மாற்ற வெட்கப்பட்டு, ஜெபகுமார் வீட்டிலேயே கெட்டி ரப்பர் உடையை மாட்டி, தலையுறை கையுறையோடு பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குரைத்தபடி இரண்டு நாய்களும் கூடவே வந்தன.

தொட்டியில் கால் வைக்கப் போனவரைப் பிரேம்நாத்தின் அம்மா செல்லியம்மாள் மறித்தார். "ராகு காலம் ஓடிக்கினு இருக்குதுபா. முடியட்டும்."

"எங்களுக்கு ராகு காலம்லாம் இல்லமா."

"உனக்கு இல்லபா. என் புள்ளைக்கு இருக்குதே!"

ஜோடி இல்லாமல் இறங்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. உட்கார்ந்தார். உடையைக் கழற்றலாம்தான். உள்ளே ஜட்டி மட்டும் என்று பிரேம்நாத்திடம் ரகசியமாகச் சொன்னது எங்கள் வரிசைக்கே கேட்டது.

வெயில் ஏறியது. தொட்டியில் ஐஸ் உருகியது, ரப்பருக்குள் ஜெபகுமார் உருகினார். குளிருக்கு அத்தனை யோசித்த மனிதர் காஞ்சிபுரம் வெயிலுக்கு ஒன்றும் யோசிக்கவில்லை. ராகு காலம் முடிந்து எழுந்தபோது முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது, கால் பின்னியது.

"எறங்குபா, தண்ணில போனா சரியாய்டும்," என்றார் பிரேம்நாத். நாங்கள் கைதட்டினோம். பின்வாங்கினால் நார்வே கடல் போச்சு. ஜெபகுமார் சுகாசினியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"ரத்து," என்றார். "தல சுத்துது."

"ஐஸப் பாத்தே பயந்துக்கினாருபா!" என்று எதிர்வீட்டுக் கமலவேணி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், லேசாக.

சுகாசினி மட்டும் சிரிக்கவில்லை. அவரை மாமரத்தடிக்கு இழுத்துப்போய் ஜிப்பைத் திறந்து, ஈரத்துணியைக் கழுத்தில் வைத்தாள். "சரி, கடல்ல போய் முழுகுங்க."

"இங்கயே முழுகலியேமா?"

"இத்தினி பேரு கைதட்டறப்பவே வேணாம்னு சொன்னீங்க. அங்க கைதட்ட யாரு இருக்கறாங்க?"

ஜெபகுமார் சந்தோஷத்தில் துள்ளி எழப் பார்த்தார். கால் ஒத்துழைக்கவில்லை. அப்படியே படுத்துக்கொண்டு சிரித்தார்.