சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை

தப்பு என்னுடையதுதான். இனிமேல் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

1982. நான் மத்திய சர்க்காரில் யு.டி.சி., அதாவது சீனியர் குமாஸ்தா. வடக்கே மோதி பாக்கில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். என் பெண் ருக்கு பதினொன்றாவது படித்தாள். கணக்கில் புலி. அந்த வருஷம் ஒரு காலேஜில் புது ஏற்பாடு செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் காலேஜ் கணக்கு வகுப்புக்கும் போகலாம். தேறினால் அந்த மார்க்கு பின்னால் பி.எஸ்ஸி.யில் சேர்ந்துகொள்ளும். அவள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருத்தியைத்தான் எடுத்தார்கள். என் ருக்குவை! அவள் அம்மா ஜலஜா காலனி முழுக்கச் சொல்லியாயிற்று.

சேர்வதற்கு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் தகப்பனார் காலேஜ் கவுண்டருக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது ராகுகாலம், பத்தரை வரைக்கும். காலேஜ் படிப்பு ஆரம்பிக்கிற கையெழுத்தை ராகுகாலத்திலா போடுவது? தவிர, பத்து மணிக்கு மூடும் என்று எழுதியிருந்தால் கவுண்டர் லஞ்சு வரைக்கும் திறந்திருக்கும். பதினெட்டு வருஷம் சர்க்கார் நாற்காலி தேய்த்தவனுக்குத் தெரியாதா?

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவளை நிறுத்திவைத்தேன்.

"அப்பா, ஒன்பதே முக்கால் ஆயிடுத்துப்பா. எல்லாரும் உள்ள போயிட்டா."

"போகட்டும். அவாளுக்கெல்லாம் நாளும் கிடையாது, நேரமும் கிடையாது."

"பத்து மணிக்கு க்ளோஸ்னு போட்டிருக்குப்பா. ப்ளீஸ்பா."

"அடி அசடே, உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்! சும்மா இரு."

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து முப்பத்தொன்றுக்கு வலது காலை வைத்து உள்ளே போனோம். கவுண்டர் சாத்தியிருந்தது. தட்டினேன். கிளார்க் எட்டிப் பார்த்து, "டைம் கதம், பாபுஜி" என்றான். பத்து மணிக்கே லிஸ்ட்டை யூனிவர்சிட்டிக்கு அனுப்பியாயிற்றாம். கெஞ்சினேன். கையைக்கூடப் பிடித்தேன். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். சர்க்கார் ராஜ்யத்தில் சொன்ன நேரத்துக்கு மூடுகிற ஒரே ஆள் அன்றைக்கு எனக்கென்று வாய்த்தான், பாவி!

பஸ்ஸில் ருக்கு அழவில்லை. வீட்டில் ஜலஜாதான் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கணக்குப் புஸ்தகங்கள் பீரோ மேல் போயின. பன்னிரண்டாவதில் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ். அப்புறம் டைப்ரைட்டிங். அப்புறம் கல்யாணம், நல்ல முகூர்த்தத்தில்.

அவள் புக்ககம் கிளம்பிய அன்று வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை பெட்டியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். ருக்கு மட்டும் படியிலேயே நின்றாள்.

"இப்போ நேரம் நன்னாருக்காப்பா? கிளம்பலாமா?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சொல்கிற வரைக்கும் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.