ஹார்ஸ்டன் அரையிறுதி

ஹார்ஸ்டனுக்குப் போய்த்தான் அரையிறுதி ஆட வேண்டும் என்று குலுக்கலில் விழுந்த செய்தி வந்ததும், பட்டறையில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. லண்டனில் பிரிக் லேனுக்குப் பின்சந்தில், ஒடுங்கிய படியேறிப் போனால் வரும் தோல் ஜாக்கெட் பட்டறை அது. மெஷினில் குனிந்திருந்தவர்களில் பாதிப் பேர் குஷியாரா கால்பந்து அணியில் ஆடுகிறவர்கள். வங்கதேசத்தில், தங்கள் சில்ஹெட்டில் ஓடும் ஆற்றின் பெயரை அணிக்கு வைத்தவன் அன்ஹார். அணித் தலைவனும் அவன்தான்.

"ஹார்ஸ்டனா?" என்றான் ஒருவன். "அங்க நம்ம ஆளு ஓட்டல் வெச்சாரே, தெரியுமில்ல? மூணு தடவை கண்ணாடியை உடைச்சானுங்க. நாலாவது தடவை ஓட்டலையே கொளுத்திட்டானுங்க."

"நாம என்ன ஓட்டல் வைக்கவா போறோம்?" என்றான் கோல்கீப்பர் கொஸ்ரு. ஆறடிக்கு மேல் உயரம், வாய் அதைவிட நீளம். "என்ன சொல்லித் திட்டுவான்? 'பாக்கி'ன்னு, பாகிஸ்தான்காரன்னுதானே? எழுபத்தொண்ணுல உசிரைக் கொடுத்து பாகிஸ்தான்கிட்டேருந்து பிரிஞ்சு வந்தாச்சு. இவனுங்க வாயிலேருந்துதான் இன்னும் பிரிய முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். மெஷின்கள் மறுபடி ஓடின. அன்ஹாரும் சிரித்தான், ஆனால் அன்று அவன் தைத்த ஜாக்கெட்டின் கை இரண்டும் கோணலாகப் போய்ப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

மறுநாளே கொஸ்ருவின் அக்கா ஜொலேகா பட்டறைக்கு வந்துவிட்டாள். கைது செய்யப்பட்ட பையன்களுக்கு வக்கீல் பிடித்துக் கொடுப்பது, அடிபட்ட குடும்பங்களுக்குக் கதவுப் பூட்டு மாற்றித் தருவது, ஊர்வலத்துக்கு ஆள் திரட்டுவது, எல்லாவற்றுக்கும் அந்த வட்டாரத்தில் அவள்தான். அங்கே எல்லோருக்கும் அவள் 'ஆபா', அக்கா. ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு நேராகப் பேச்சை ஆரம்பித்தாள்.

"பெரிய பஸ்ஸா ஒண்ணு பேசிட்டேன் அன்ஹார். எங்க ஆளுங்க வர்றோம். மைதானத்தைச் சுத்தி நிப்போம். ஒருத்தனும் உங்களைத் தொட மாட்டான்."

"வேண்டாம் ஆபா. லீக் செயலாளர் போன் பண்ணிச் சொல்லிட்டார். கொடி, கோஷம், கூட்டம்னு எது வந்தாலும் நாங்க தோத்ததா எழுதிடுவாங்களாம்."

"அவனுங்க கூட்டம் சேர்ந்து குரங்கு மாதிரி கத்தினா அது மட்டும் ரசிகர் கூட்டமா?"

"மூணு வருஷம் மனு போட்டு மனு போட்டு இந்த லீக்குக்குள்ள நுழைஞ்சிருக்கோம். ஊர்வலத்துல நாம கத்துறது அவன் காதுல விழாது ஆபா. கோல் விழுந்தா விழும்."

"கோல் விழுந்தப்புறம் உன் மண்டையில என்ன விழும்னு யோசிச்சியா?"

அன்ஹார் தைத்துக்கொண்டிருந்த தோலைத் திருப்பிப் போட்டான். பள்ளிக்கூடத்தில் அவனை அணியில் சேர்க்காமல், மற்றவர்களின் பூட்ஸுக்குக் காவலாக உட்காரவைத்த மைதானம் அவனுக்கு நினைவு வந்தது. பந்து காலில் இருக்கும்போது மட்டும் யாரும் தன்னைக் கீழாகப் பார்க்க முடியாது என்பது அவனுடைய நம்பிக்கை. அதை ஜொலேகாவுக்கு விளக்க அவனிடம் சொற்கள் இருந்ததில்லை. அவள் பெருமூச்சு விட்டாள். "என் தம்பியைப் பத்திரமா கூட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன்களில் கிளம்பினார்கள். பராட்டாப் பொட்டலங்கள் பாலம் தாண்டுவதற்குள் காலியாயின. வலது ஓரம் ஆடும் பொத்ருல் முன்சீட்டில் உட்கார்ந்து தாளம் போட, பின்னால் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள். பத்தொன்பது வயது பொத்ருலுக்கு. ஓட ஆரம்பித்தால் அவன் பின்னால் நிழல்கூட மூச்சிரைக்கும் என்பான் கொஸ்ரு. வீடுகள் குறைந்து, ஆறு அகலமாகி, சேற்று நிலம் வரத் தொடங்கியபோது பாட்டு தானாகவே தணிந்தது. பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குக்கூட மூன்று மூன்று பேராகத்தான் போய் வந்தார்கள். யாரும் அப்படிப் போகச் சொல்லவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் சுவரில் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. வேனுக்குள் யாரும் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

மைதானத்தைச் சுற்றி அத்தனை கூட்டத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. முதல் பந்து உதைபட்டதிலிருந்து குரங்குச் சத்தம். கொஸ்ரு நின்ற கோலுக்குப் பின்னால் வாழைப்பழத் தோலும் எச்சிலும் வந்து விழுந்தபடி இருந்தன. அன்ஹார் நடுவரிடம் போய் முறையிட்டான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் நடுவர். "நீ ஆட்டத்தைப் பாரு."

ஆட்டத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் அன்ஹார் தூக்கிப் போட்ட பந்தை, இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து ஓடிய பொத்ருல் தரையோடு தரையாகத் தட்டி உள்ளே அனுப்பினான். முடிகிற நேரத்தில் ஹார்ஸ்டனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அது பெனால்டியே இல்லை. கொஸ்ரு கோட்டில் நின்று, கைகளை விரித்து, உதைக்க வந்தவனைப் பார்த்துச் சிரித்தான். பந்து இடது மூலைக்கு வந்தது. முழு உடம்பையும் நீட்டி விழுந்து, விரல் நுனியால் அதைக் கம்பத்துக்கு வெளியே தள்ளிவிட்டான். அதோடு விசில்.

அந்த நிமிஷம் அன்ஹாருக்கு வாழ்நாளுக்கும் போதுமானதாக இருந்தது. கூட்டம் ஒரேயடியாக வாயடைத்துப்போய் நின்றது. தான் இத்தனை வருஷம் சொல்லி வந்தது சரிதான் என்று நினைத்தான். ஜொலேகா ஆபா இதைப் பார்த்திருக்க வேண்டும்.

நடுவர் உடை மாற்றாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேன்களின் டயர்கள் எல்லாம் கிழிந்து கிடந்தன. அவர்கள் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கூட்டம் மூன்று பக்கமும் வந்தது.

பாட்டில்களும் பலகைகளும் கையில் வைத்திருந்தார்கள். ஓடி ஒளிய இடமில்லை. "ஒண்ணா நில்லுங்கடா, பிரியாதீங்க!" என்று அன்ஹார் கத்தினான். ஆனால் கொஸ்ரு தன் பையை எடுக்க நாலடி பின்னால் போயிருந்தான். உடைந்த பாட்டில் அவன் முகத்தில் இறங்கியது. விழுந்தவனைச் சுற்றி நின்று தலையிலேயே மிதித்தார்கள். இரண்டு பேர் அன்ஹாரை வேனோடு அழுத்திப் பிடித்திருந்ததால் அவனால் பார்க்கத்தான் முடிந்தது. பொத்ருல் மைதானத்துக்குள் ஓடி, மூலையில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான். கண்ணை மூடிக்கொண்டு வீசினான். ஒருத்தன் தாடை உடைந்து விழுந்தான். மற்றவர்கள் சிதறினார்கள்.

அப்புறம்தான் போலீஸ் வந்தது.

"கம்பு வெச்சிருந்தது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான் சார்" என்று பொத்ருல் கையைத் தூக்கினான். காப்பாற்றியவன் யார் என்று கேட்கிறார்கள் என நினைத்துக்கொண்டான் போல.

விலங்கு மாட்டி அவனை ஒரு காரில் ஏற்றினார்கள். கொஸ்ருவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இரண்டுக்கும் நடுவில் அன்ஹார் ஒரு கணம் நின்றான். பிறகு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டான். கார்க் கண்ணாடி வழியாகப் பொத்ருல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஸ்ருவின் இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த ஜொலேகா டாக்டரிடம் பேசி முடித்துவிட்டு, தாழ்வாரத்தில் ரத்தக் கறையோடு உட்கார்ந்திருந்த அன்ஹாரிடம் வந்தாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு அன்ஹார் பந்தைத் தொடவில்லை. பட்டறையில் பாதி நாள்தான் வேலை. மீதி நேரமெல்லாம் ஜொலேகாவோடு அலைந்தான். 'பொத்ருலை விடுதலை செய்' என்ற சுவரொட்டியைப் பசை வாளியோடு தெருத்தெருவாக ஒட்டினான். பர்மிங்காம், பிராட்ஃபோர்ட், லெஸ்டர் என்று ரயிலேறிப் போய், மேடையில் நின்று நடந்ததைச் சொன்னான். கூட்டம் நெடுநேரம் கைதட்டியது. ஊர்வலத்துக்கு, அவன் கனவிலும் நினைக்காத அளவுக்கு, வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் வந்தார்கள். 'இத்தனை பேர் இருக்கிறார்களே' என்று முதல் தடவையாக அவனுக்குத் தெம்பு வந்தது. நடுவில் லீக் குழு கூடி, மைதானச் சொத்தை ஆயுதமாக்கிய குற்றத்துக்காகக் குஷியாராவை நீக்கியது. ஹார்ஸ்டன் இறுதிப் போட்டி ஆடிக் கோப்பையும் வாங்கியது. "போகட்டும் விடு, பையன் வெளியே வரட்டும்" என்றாள் ஜொலேகா.

வழக்கு நாளன்று, அன்ஹார் வேண்டாமென்ற அதே மாதிரிப் பெரிய பஸ்ஸில் எல்லோரும் போனார்கள். ஜூரியில் இருந்த பன்னிரண்டு முகங்களில் ஒன்றுகூட அவர்கள் நிறத்தில் இல்லை. அன்ஹார் சாட்சிக் கூண்டில் ஏறினான். அரசுத் தரப்பு வக்கீல் மிக மரியாதையாகப் பேசினார்.

"ஹார்ஸ்டன் உங்களுக்கு ஆபத்தான ஊருன்னு சொல்றீங்க. உங்களுக்குத் துணைக்கு ஒரு பஸ் நிறைய ஆள் வர்றதா இருந்துதாமே?"

"ஆமா."

"அவங்க வர வேண்டாம்னு சொன்னது யாரு?"

"நான்தான். நாங்க தோத்ததா எழுதிடுவாங்கன்னு..."

"ஆபத்துன்னு மனசார நம்பின ஒருத்தர் துணையை வேண்டாம்னு சொல்வாரா, மிஸ்டர் அன்ஹார்? அன்னிக்கு உங்களுக்கு எந்தப் பயமும் இல்ல. அதானே நிஜம்?"

"பயம் இருந்துது. ஆனா ஆட்டம்..."

"பயந்தவர் ஆள் வேண்டாம்னார். ஜெயிச்ச மிதப்புல உங்க பையன் கம்பை எடுத்தான். நன்றி, நீங்க இறங்கலாம்."

அன்ஹார் இறங்கவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நீதிபதி இன்னொரு முறை சொன்ன பிறகுதான் இறங்கினான். கொஸ்ருவின் கண்ணில் பாட்டிலை இறக்கியவன் யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கூட்டமாக இருந்ததாம், அடையாளம் தெரியவில்லையாம். பொத்ருலுக்கு நாலு வருஷம். தீர்ப்பைக் கேட்டதும் அவன் தன் அம்மாவைத் தேடினான். மொழி புரியாமல், அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் "விட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். குளிர்காலம் வந்தது. சுவரொட்டிகள் மழையில் ஊறித் தொங்கின. ஒரு வாலிபனைத் தெருவில் குத்திப் போட்ட வழக்கு வந்தது. ஜொலேகாவின் ஆட்கள் அதற்குச் சுவரொட்டி அடித்து, அதே சுவர்களில் ஒட்டினார்கள். அன்ஹார் அதைப் பார்த்தபடி நிற்பதை அவள் கவனித்தாள்.

"எனக்கு இருக்கறது இதே சுவருதான் அன்ஹார்" என்றாள். "நான் என்ன செய்ய?"

"உங்களை ஒண்ணும் சொல்லலை ஆபா."

"சொல்லிடு. திட்டிடு. எனக்கும் யாராவது திட்டினா தேவலை."

ஒரு நாள் காலை கொஸ்ரு அவனைப் பூங்காவுக்குக் கூப்பிட்டான். பழைய கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். "சும்மா போடுங்க பாய், பாப்போம். ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தானே துப்பாக்கியே சுடுறான். எனக்கு மூடற வேலை மிச்சம்." அன்ஹார் பந்தை மெல்ல எறிந்தான். கொஸ்ரு கை நீட்டிய இடத்துக்குப் பந்து வரவில்லை. அது முன்பே அவன் நெஞ்சில் மோதிக் கீழே விழுந்தது. இன்னொன்று எறிந்தான். விரல்கள் காற்றைப் பிடித்தன. இன்னும் மெல்ல, குழந்தைக்குப் போடுவதுபோலப் போட்டான்.

"இப்படிப் போடாதீங்க!" என்று கத்தினான் கொஸ்ரு. "என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

பிறகு கையுறைகளைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடந்தான். அடுத்த வாரமே ஸ்காட்லாந்தில் எங்கோ ஓர் ஓட்டல் அடுக்களைக்கு வேலைக்குப் போய்விட்டான். ஜொலேகாவுக்குக்கூட எப்போதாவதுதான் போன் வந்தது.

பொத்ருலைப் பார்க்க மாதந்தோறும் போய்வந்தவன் அன்ஹார் ஒருவன்தான். ரயிலில் போய், படகேறி, தீவில் இருந்த சிறைக்குப் போக வேண்டும். போகப் போகப் பையனின் முகம் உப்பிக்கொண்டே வந்தது. பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"கொஸ்ரு பாய் ஒரு தடவைகூட வரலையே" என்றான் பொத்ருல் ஒரு நாள்.

"அவனுக்குக் கண்ணுக்கு வைத்தியம் நடக்குதுடா. முடிஞ்சதும் வர்றேன்னான்."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது பாய். விடுங்க." மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "நீங்களும் இனிமே வர வேண்டாம்."

"ஏண்டா? என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. நீங்க வந்துட்டுப் போனா அப்புறம் நாலு நாளைக்குக் கால் சும்மா இருக்க மாட்டேங்குது. தூக்கத்துல உதைக்கிறேனாம், கூட இருக்கறவன் அடிக்கிறான். இங்க மைதானம் இருக்கு. கூப்பிட்டாங்க. போகலை. பந்தைப் பாத்தா வாந்தி வருது." எழுந்து நின்றான். "அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்க."

இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் காவலரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

படகில் குளிர் அடித்தது. மேல்தளத்தில் நின்றிருந்த அன்ஹாரிடமிருந்து இரண்டு பேர் தள்ளிப் போய் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். முன்பாயிருந்தால் காது கூசியிருக்கும். இப்போது கேட்டது, அவ்வளவுதான்.

பொத்ருலின் அம்மா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே கேட்டாள்.

"எப்படி இருக்கான்? சாப்பிடறானா?"

"நல்லா இருக்கான் சாச்சி. உடம்புகூடத் தேறியிருக்கு."

"அங்க பந்து விளையாட விடறாங்களா?"

அன்ஹார் சுவரைப் பார்த்தான். "விடறாங்க."

"அல்லா காப்பாத்தினான்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஓடலைன்னா அவனுக்குத் தின்ன சோறு செரிக்காது. அடுத்த மாசம் போறப்ப நான் சொன்னேன்னு சொல்லு, குளிர்ல வெறுங்காலோட ஓட வேண்டாம்னு."

"சொல்றேன் சாச்சி" என்றான் அன்ஹார்.